கவசம் என்ற சொல்லில் உள்ள பிழை: சூரியக் காற்று பூமிக்குள் நுழையும் வழி

தேவகோட்டையில் இளங்கலை இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவர் ஒருவர் கேட்டிருப்பது இது: “பூமியின் காந்தப்புலம் சூரியக் காற்றைத் தடுக்கும் கவசம் என்று படித்தோம். அப்படியானால் 2024 மே மாதம் லடாக்கில் வானம் சிவந்தது எப்படி? காந்த மறுஇணைப்புதான் காரணம் என்கிறார்கள். காந்தக் கோடுகள் உண்மையிலேயே அறுந்து ஒட்டுகின்றனவா? மற்ற கோள்களிலும் இது நடக்கிறதா? காரைக்குடிப் பக்கம் இருந்துகொண்டு இதைக் காண வழி உண்டா?”

தம்பி, உங்கள் குழப்பம் கவசம் என்ற அந்தச் சொல்லிலிருந்தே தொடங்குகிறது. நானும் கல்லூரியில் பாடம் எடுத்த காலம் முழுவதும் கரும்பலகையில் இடப்பக்கம் சூரியனையும் வலப்பக்கம் பூமியையும் வரைந்து, நடுவில் ஒரு வளைகோடு போட்டு, அதைக் கவசம் என்றே சொல்லிவந்தேன். அது பாதி உண்மை என்பதைச் சொல்லாமல் விட்டது என் தவறு. வருகிற அம்பு எப்படிப்பட்டது என்று கவசம் பார்ப்பதில்லை. பூமியின் காந்தப்புலமோ பார்க்கிறது. சூரியக் காற்று தன்னோடு எடுத்துவரும் காந்தப்புலம் வடக்கு நோக்கி இருந்தால் பெரும்பாலும் வெளியே நிறுத்துகிறது. தெற்கு நோக்கி இருந்தால் வழிவிடுகிறது. காற்றின் வேகமும் அடர்த்தியும் அப்படியே இருக்க, திசை ஒன்று மாறினாலே விளைவு தலைகீழாகிவிடும். ஏன் அப்படி என்பதுதான் உங்கள் கேள்வியின் உயிர்நாடி. மற்றவையெல்லாம் அதிலிருந்து வருபவை.

இதற்கு நம் ஊரைவிட வசதியான இடம் கிடைப்பது அரிது. சித்திரை பிறந்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, பகல் 12.15 மணியளவில், உங்கள் வீட்டு வளவு வாசலில், அந்த நடுமுற்றத்தில், நின்று பாருங்கள். அன்று சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருவதால், நிழல் காலடியிலேயே சுருண்டுவிடும். கையில் ஒரு திசைகாட்டி இருந்தால் அதன் முள் ஏறக்குறைய நேர் வடக்கைக் காட்டும். காந்த நடுக்கோடு திருநெல்வேலிப் பக்கமாகச் செல்வதால், நம் பகுதியில் பூமியின் காந்தப்புலம் தரைக்குக் கிட்டத்தட்ட இணையாகவே படுத்திருக்கிறது. அதன் அளவு சுமார் 40,000 நானோடெஸ்லா (காந்தப்புல வலிமையின் அலகு இது). இப்போது நின்ற இடத்திலிருந்து சூரியனை நோக்கி நேர் மேலே ஒரு கோடு இழுத்துக்கொண்டே போங்கள். சுமார் 57,000 கிலோமீட்டர் உயரத்தில், அதாவது பூமியின் மையத்திலிருந்து பத்துப் பூமி ஆரத் தொலைவில், பூமியின் ஆட்சி முடிந்து சூரியனின் ஆட்சி தொடங்கும் எல்லை வருகிறது. எல்லைக்கு உள்ளே பூமியின் காந்தப்புலம் ஆளும் பகுதிக்குக் காந்தக்கோளம் என்று பெயர். தொலைவின் மும்மடிக்கு ஏற்பக் குறைந்து நாற்பதாகச் சுருங்கியிருக்க வேண்டிய புலம், காற்றின் அழுத்தத்தால் நெருக்கப்பட்டு அங்கே ஐம்பது அறுபது நானோடெஸ்லாவாக நிற்கிறது. ஆனால் திசை மாறவில்லை. உங்கள் கையில் இருக்கும் முள் காட்டும் அதே வடக்குத்தான் அந்த எல்லையிலும்.

அந்த எல்லையில் வந்து மோதுவது என்ன? சூரியனின் வெளிமண்டலம் நிலையாக நிற்க முடியாமல் இடைவிடாது வெளியே வழிந்துகொண்டிருக்க வேண்டும் என்று யூஜின் பார்க்கர் 1958இல் கணக்கிட்டுச் சொன்னார். அந்த வழிவுதான் சூரியக் காற்று. பெரும்பாலும் புரோட்டான்களும் எலக்ட்ரான்களும் கலந்த பிளாஸ்மா. நம்மருகே வரும்போது வேகம் வழக்கமாக நொடிக்கு 400 கிலோமீட்டர். ஒரு கன சென்டிமீட்டருக்குள் வழக்கமாக ஐந்து, பத்து புரோட்டான்கள்தான் இருக்கும். அது தன்னோடு சுமார் 5 நானோடெஸ்லா அளவுள்ள காந்தப்புலத்தையும் இழுத்துவருகிறது. பிளாஸ்மா மிக நல்ல மின்கடத்தி என்பதால், அதற்குள் இருக்கும் காந்தப்புலம் அதைவிட்டு நழுவ முடியாது. பிளாஸ்மா போகும் இடத்துக்கு அதுவும் போக வேண்டும். இந்த ‘உறைந்த புலம்’ என்ற கருத்தைத் தந்தவர் ஹான்னெஸ் ஆல்ஃபென். 1970இல் நோபல் பரிசு பெற்றவர்.

இந்த விதி முழுமையாகப் பொருந்துமானால், சூரியனின் பிளாஸ்மா சூரியனின் புலக்கோடுகளிலும், பூமியின் பிளாஸ்மா பூமியின் புலக்கோடுகளிலும் கட்டுண்டு கிடக்கும். ஒன்றுக்குள் ஒன்று ஒரு துளியும் கலக்காது. கவசம் என்ற உவமை அங்கே சரியாகவே இருக்கும். இரண்டுக்கும் நடுவில் சில நூறு கிலோமீட்டர் தடிமனுள்ள மெல்லிய மின்னோட்டத் தாள் ஒன்று மட்டும் ஓடும். ஒரு பக்கம் வடக்கு, மறுபக்கம் தெற்கு என்று எதிரெதிர்ப் புலங்கள் அந்தத் தாளின் இருபுறமும் நெருக்கப்படும்போதுதான் உறைந்த புல விதி ஓரிடத்தில் தோற்கிறது. அந்தத் தோல்விக்குப் பெயர்தான் காந்த மறுஇணைப்பு.

கோடுகள் அறுந்து ஒட்டுகின்றனவா என்று கேட்டீர்கள். இல்லை. இதற்கு ரப்பர் பட்டை உவமை சொல்வார்கள். இழுவிசையைப் புரியவைக்க அது உதவும், அறுவதைப் புரியவைக்க உதவாது. அதைவிட நம் ஊருணிகளைப் பாருங்கள். அருகருகே இரண்டு ஊருணிகள். நடுவில் ஒரு தாழ்ந்த மேடு. ஐப்பசி மழையில் இரண்டிலும் நீர் ஏறுகிறது. ஒவ்வொன்றின் நீர்விளிம்பும் ஒரு மூடிய வளைகோடு. நீர் ஏற ஏற இரண்டு வளைகோடுகளும் மேட்டை நோக்கி நெருங்குகின்றன; ஒரு கணத்தில் மேட்டின் தாழ்ந்த புள்ளியில் தொட்டு, பெருக்கல் குறிபோல் குறுக்கிட்டு நிற்கின்றன; அடுத்த கணம் இரண்டு கரைகளும் போய், இரு ஊருணிகளையும் சுற்றிய ஒரே கரை இருக்கிறது. யார் எந்தக் கோட்டை அறுத்தார்கள்? ஒருவரும் இல்லை. கரை என்பது ஒரு பொருளன்று; நீர்மட்டத்தை நாம் பார்க்கும் விதம். காந்தப் புலக்கோடும் அவ்வாறே. இது வெறும் உவமையும் அன்று. இரு பரிமாணத்தில் காந்தப் புலக்கோடுகள் என்பவை, காந்த வெக்டர் பொட்டென்ஷியல் (vector potential) என்பதன் ஒரு கூறினுடைய சமமட்டக் கோடுகளே. மேட்டின் தாழ்ந்த புள்ளிக்கு நிகரானது புலம் சுழியாகும் அந்தக் குறுக்குப் புள்ளி. அங்கே மட்டம் எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பதைத் தீர்மானிப்பது, நாம் படம் வரையும் தளத்துக்குச் செங்குத்தாக அந்தப் புள்ளியில் இருக்கும் மின்புலம். ஆகவே “மறுஇணைப்பு எவ்வளவு வேகமாக நடக்கிறது” என்ற கேள்வியும் “அங்கே மின்புலம் எவ்வளவு” என்ற கேள்வியும் ஒன்றே. தேர்வில் இதை எழுதினால் மதிப்பெண் கிடைக்குமோ என்னவோ, விஷயம் புரிந்துவிடும்.

அந்த மின்புலம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் இயற்பியலாளர்கள் அரை நூற்றாண்டுக்கும் மேல் மல்லுக்கட்டினார்கள். பீட்டர் ஸ்வீட்டும் பார்க்கரும் 1950களின் பிற்பகுதியில் போட்ட முதல் கணக்கில், பிளாஸ்மாவின் சாதாரண மின்தடைதான் உறைந்த புலத்தை இளக்குகிறது. கணக்கில் பிழையில்லை, விடைதான் உலகத்தோடு ஒத்துவரவில்லை. சில நிமிடங்களில் வெடித்து முடியும் சூரியச் சுடர், அந்தக் கணக்குப்படி மாதக்கணக்கில் எரிந்தாக வேண்டும். ஹாரி பெட்செக் 1964இல் இன்னும் வேகமான ஒரு வடிவத்தை முன்வைத்தார். ஆனால் காந்தக்கோள எல்லையில் அடிப்படைச் சிக்கல் அப்படியே இருந்தது. அங்குள்ள துகள்கள் ஒன்றோடொன்று மோதுவதே அரிது. மோதலே இல்லாத இடத்தில் மின்தடை எங்கிருந்து வரும்?

விடை துகள்களின் எடை வேறுபாட்டில் இருந்தது. கனமான புரோட்டான்கள் பெரிய வட்டமடிப்பவை. மின்னோட்டத் தாள் ஐம்பது நூறு கிலோமீட்டருக்கு மெலியும்போதே அவை புலத்தின் பிடியிலிருந்து விலகிவிடுகின்றன. லேசான எலக்ட்ரான்கள் விடாப்பிடியாகப் புலத்தோடு ஒட்டிக்கொண்டு இன்னும் உள்ளே போகின்றன. சில கிலோமீட்டர் அகலமே உள்ள நடுப்பகுதியில்தான் அவையும் பிடியை இழக்கின்றன. இப்படி இரண்டு அடுக்காகப் பிரிவதால் பிளாஸ்மா வெளியேறும் வாசல் குறுகாமல் விரிந்தே இருக்கிறது. எதிர்ப்புலங்கள் உள்ளே வரும் வேகம், பிளாஸ்மா வெளியே பீய்ச்சப்படும் வேகத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு என்ற அளவில் நிலைகொள்கிறது. எல்லையில் அந்தப் பீய்ச்சல் நொடிக்குச் சில நூறு கிலோமீட்டர். அதை விண்கலத் தரவில் நேரடியாகக் கண்டு 1979இல் அறிவித்தவர்கள் கோட்ஸ் பாஷ்மன் குழுவினர்.

எலக்ட்ரான் அடுக்கைப் பார்ப்பது அதைவிடக் கடினம். பல்லாயிரம் கிலோமீட்டர் அகன்ற எல்லையில் சில கிலோமீட்டர் இடத்தை, அதுவும் எல்லையே முன்னும் பின்னும் ஊசலாடிக்கொண்டிருக்கும்போது, விண்கலம் ஒரு நொடிக்கும் குறைந்த நேரத்தில் கடந்துவிடும். அதற்காகவே நாசா 2015 மார்ச்சில் எம்எம்எஸ் என்ற பெயரில் நான்கு ஒரே மாதிரியான கலங்களை ஏவியது. நான்கும் ஒரு நான்முகியின் முனைகள்போல், பத்துக் கிலோமீட்டர் இடைவெளியில் ஒன்றாகப் பறந்தன. 30 மில்லிநொடிக்கு ஒருமுறை எலக்ட்ரான்களை எல்லாத் திசைகளிலும் எண்ணின. 2015 அக்டோபர் 16 அன்று அவை மறுஇணைப்பின் நடுப்பகுதிக்குள்ளேயே புகுந்து வெளிவந்தன. எலக்ட்ரான்களின் திசைவேகங்களை வரைபடமாக்கியபோது, வட்டமாக இருக்க வேண்டிய கூட்டத்தின் ஓரத்தில் மூன்றாம் பிறைபோல் ஒரு வளைவு தெரிந்தது. எல்லையின் ஒரு பக்கத்தைச் சேர்ந்த எலக்ட்ரான்கள் மறுபக்கத்தை எட்டி, பாதிச் சுற்றுச் சுற்றித் திரும்புவதன் தடயம் அது. மோதல் இல்லாத இடத்தில் மின்தடையின் வேலையைச் செய்வது எது என்ற கேள்விக்கு, சமச்சீர் குலைந்த அந்த எலக்ட்ரான் அழுத்தமே முதன்மையான விடை. என் கணிப்பில், இத்துறையில் இந்த நூற்றாண்டில் கிடைத்த அளவீடுகளில் அதற்கு இணையானது வேறில்லை.

இனி, வழி திறந்தபின் என்ன ஆகிறது என்று பார்க்கலாம். ஜேம்ஸ் டஞ்சி 1961இல் வெளியிட்ட சுருக்கமான கட்டுரை ஒன்று முழுச் சுழற்சியையும் வரைந்துவிட்டது. பகல் பக்கத்தில் சூரியனின் தெற்குப் புலமும் பூமியின் வடக்குப் புலமும் இணைகின்றன. விளைவாக, ஒரு முனை துருவப் பகுதியிலும் மறுமுனை சூரியக் காற்றிலும் இருக்கும் ‘திறந்த’ புலக்கோடுகள் பிறக்கின்றன. காற்று அவற்றைத் துருவங்களின் மேலாக இரவுப் பக்கத்துக்கு இழுத்துச் செல்ல, அங்கே நீண்ட வாலில் அவை குவிகின்றன. வாலின் நடுவே எதிரெதிராக நெருக்கப்பட்டு மீண்டும் ஒருமுறை இணைந்து, மூடிய கோடுகளாகிப் பகல் பக்கம் திரும்புகின்றன.

இதைத்தான் கவசம் என்பதற்குப் பதிலாக நம் வீட்டைக்கொண்டு சொல்வேன். செட்டிநாட்டு வீடு நான்கு புறமும் கனத்த சுவரும் தேக்குக் கதவுமாக அடைத்துக் கட்டியது. ஆனால் நட்டநடுவில் வளவு வாசல் வானத்துக்குத் திறந்தே கிடக்கிறது, மழை நேராக உள்ளே விழுகிறது. பூமியின் காந்தக்கோளமும் சுற்றிலும் மூடி, இரு துருவங்களிலும் திறந்த வீடுதான். அந்தத் திறப்பின் வழியே சூரியக் காற்றின் எலக்ட்ரான்கள் நேரே இறங்குவதை ஆய்வாளர்கள் ‘துருவ மழை’ என்றே அழைக்கிறார்கள். நான் இட்ட பெயரன்று. ஒரே வேறுபாடு, இந்த வீட்டின் வாசல் அளவு மாறிக்கொண்டே இருக்கும். பகல் பக்க மறுஇணைப்பு அதைப் பெரிதாக்கும். வாலில் நடப்பது சிறிதாக்கும்.

மின்னழுத்தக் கணக்கும் பார்த்துவிடலாம். நொடிக்கு 400 கிலோமீட்டர், 5 நானோடெஸ்லா: பெருக்கினால் மீட்டருக்கு 2 மில்லிவோல்ட் மின்புலம். டார்ச் பேட்டரி ஒன்றின் 1.5 வோல்ட்டை முக்கால் கிலோமீட்டருக்குப் பரப்பிய அளவுதான். ஆனால் காந்தக்கோளத்தின் அகலமோ முப்பது பூமி ஆரம், கிட்டத்தட்ட 1,90,000 கிலோமீட்டர். அந்த அகலம் முழுவதற்கும் கூட்டினால் 3,80,000 வோல்ட் வருகிறது. மறுஇணைப்பு இதில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் ஐந்தில் ஒரு பங்கைத்தான் உள்ளே விடுகிறது. துருவத் தொப்பியின் (திறந்த புலக்கோடுகள் வந்து இறங்கும் துருவப் பகுதியின்) குறுக்கே அளக்கப்படும் சில பத்தாயிரம் வோல்ட்டுகள் இந்தக் கணக்கோடு பொருந்துகின்றன.

தெற்குத் திசைக்கும் பூமியில் ஏற்படும் காந்தக் குழப்பத்துக்கும் உள்ள தொடர்பை 1966இல் ஃபேர்ஃபீல்டும் கேஹிலும் விண்கல அளவீட்டோடு ஒப்பிட்டுக் காட்டினார்கள். வாலில் சேர்ந்த ஆற்றல் திடீரென அவிழும்போதுதான், துருவப் பகுதி வானில் தெரியும் வண்ண ஒளியான துருவ ஒளி கொழுந்துவிட்டு ஆடுகிறது. அப்படி அவிழ்ந்த ஒரு நிகழ்வில், 2008 பிப்ரவரியில், நாசாவின் தெமிஸ் கலங்கள் சுமார் இருபது பூமி ஆரத் தொலைவில் மறுஇணைப்பு முதலில் நடந்து, ஒன்றிரண்டு நிமிடங்கள் கழித்தே ஒளி பெருகியதைப் பதிந்தன.

லடாக்குக்கு வருவோம். 2024 மே 10, 11 நாட்களில், சூரியனிலிருந்து அடுத்தடுத்து எறியப்பட்ட பிளாஸ்மா மேகங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வந்தன. அவற்றில் தெற்கு நோக்கிய புலம் வழக்கமான ஐந்தைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு இருந்தது. வாசல் அவ்வளவு அகலமாகத் திறந்ததால் துருவ ஒளி வழக்கத்துக்கு மீறித் தெற்கே இறங்கியது. ஹான்லேயில் உள்ள வானாய்வகத்தின் கேமராக்களில் வடக்கு வானம் சிவப்பாகப் பதிவாயிற்று. இருநூறு கிலோமீட்டருக்கு மேலே இருக்கும் ஆக்சிஜன் அணுக்கள் தரும் சிவப்பு அது; உயரத்தில் நடப்பதால்தான் அவ்வளவு தொலைவிலிருந்தும் தெரிந்தது. காரைக்குடியில் அதைக் காணவே முடியாது. துருவ ஒளியை உண்டாக்கும் துகள்கள் புலக்கோட்டைப் பிடித்துத்தான் இறங்க வேண்டும். நம் தலைக்கு மேலுள்ள கோடுகளோ படுத்துக் கிடப்பவை, காந்தக்கோள எல்லைவரை எட்டாதவை.

ஆனால் நமக்கும் பங்கு வருகிறது, வேறு வடிவில். இப்படிப்பட்ட காந்தப் புயலின்போது பூமியைச் சுற்றி இருபதாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் மேற்கு நோக்கி ஒரு வளைய மின்னோட்டம் வலுக்கிறது; அதன் புலம் நம் பகுதியில் நேர் தெற்கு நோக்கி அமைந்து, பூமியின் வடக்குப் புலத்தைக் கழிக்கிறது. 2024 மேயில் அந்தக் கழிவு 400 நானோடெஸ்லாவை ஒட்டியது. 40,000இல் நூற்றுக்கு ஒன்று. 1859 செப்டம்பர் புயலில் மும்பையின் கொலாபா ஆய்வகம் பதிந்த வீழ்ச்சி சுமார் 1,600. இது போக, தெற்குப் புலம் வந்து சேர்ந்த சில நிமிடங்களிலேயே துருவத்து மின்புலம் நடுக்கோடுவரை ஊடுருவி, சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில் திருநெல்வேலிக்கு மேலாக ஓடும் நடுக்கோட்டு மின்தாரையை உலுக்குகிறது. நாம் அந்தத் தாரையின் வடக்குப் பக்கத்தில் இருக்கிறோம்.

மற்ற கோள்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். புதனின் புலம் மெலிந்தது, சூரியன் பக்கத்தில் இருக்கிறது; அதன் காந்தக்கோள எல்லை தரையிலிருந்து ஆயிரம் கிலோமீட்டர் சொச்சந்தான். நமக்கு மணிக்கணக்கில் ஆகும் டஞ்சி சுழற்சி அங்கே இரண்டு மூன்று நிமிடத்தில் முடிவதை நாசாவின் மெசஞ்சர் கலம் காட்டியது. வியாழன் நேர்மாறு. பத்து மணி நேரத்தில் ஒரு சுற்றுச் சுற்றும் அதன் வேகமும், அயோ நிலவின் எரிமலைகள் நொடிக்கு ஒரு டன் அளவில் கொட்டும் பொருளுமே அதன் காந்தக்கோளத்தை ஆட்டுவிக்கின்றன. சூரியக் காற்றின் மறுஇணைப்பு அங்கே இரண்டாம்பட்சம். யுரேனஸின் காந்த அச்சு அதன் சுழல் அச்சுக்கு 59 டிகிரி சாய்ந்திருப்பதால், ஒவ்வொரு பதினேழு மணிநேரச் சுற்றிலும் வாசல் திறந்து மூடக்கூடும்.

நம் ஊரிலிருந்து என்ன செய்யலாம்? பங்குனி, புரட்டாசி மாதங்களைத் தேர்ந்துகொள்ளுங்கள். பூமியின் சாய்வு காரணமாகச் சம இரவு நாட்களை ஒட்டித் தெற்குக் கூறு கிடைக்கும் வாய்ப்பு கூடுகிறது என்று ரஸ்ஸலும் மெக்ஃபெரானும் 1973இல் விளக்கினார்கள். ஆதித்யா எல்1 கலம் 15 லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால், ஆறு மீட்டர் நீளக் கம்பத்தில் இரண்டு காந்தமானிகளை நீட்டிக்கொண்டு இதே புலத்தை அளக்கிறது; அங்கே தெற்கு என்று தெரிந்தால், நொடிக்கு 400 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் ஒரு மணி நேரம் கழித்து அது நம் எல்லைக்கு வரும். வட-தெற்குக் கூறைக் காட்டும் வரைபடத்தையும் தரை ஆய்வகங்களின் புயல் குறியீட்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பாருங்கள்; மேலே கோடு சுழிக்குக் கீழே இறங்கிச் சில மணி நேரம் அங்கேயே தங்கினால்தான் கீழே வீழ்ச்சி தொடங்கும்.

திசைகாட்டி முள்ளை நம்பிக் காத்திருக்க வேண்டாம். நம் பகுதியில் மாற்றம் முள் நிற்கும் திசையிலேயே நடப்பதால், வலு குறையுமே தவிர முள் பெரிதாகத் திரும்பாது. கைபேசியில் உள்ள காந்தமானி 40 மைக்ரோடெஸ்லா, அதாவது 40,000 நானோடெஸ்லா, என்று காட்டும்; பெரும்புயலில் அது 39.6 ஆக வேண்டும். கருவியின் சொந்த இரைச்சலே அந்த அளவுக்கு நெருக்கமாக இருக்கும். மும்பையில் மின்சார டிராம் வரப்போகிறது என்பதற்காகவே காந்த ஆய்வகத்தை 1904இல் அலிபாக்குக்கு மாற்றினார்கள் என்றால் இது எவ்வளவு நுணுக்கமான வேலை என்று பாருங்கள். முயல்வதானால் வீட்டு முகப்பில் வைக்காதீர்கள். அங்குள்ள இரும்புத் தூண்களும் உத்திரமும் புயலைவிடப் பெரிய மாற்றத்தைக் காட்டும். கண்மாய்க் கரையில், வண்டிப்பாதைக்கும் மின்கம்பிக்கும் தள்ளி, ஒரு மரப்பலகையில் அசையாமல் பொருத்தி, பத்து நிமிடச் சராசரி எடுத்து, புயல் இல்லாத நாட்களிலும் அதே நேரத்தில் அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.